திமிர் என்று திட்டும் முன் காதைத் தூக்கிப் பாருங்கள்

நாய்க்குத் திமிர் ஏறிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது அதன் காதைத் தூக்கிப் பார்த்தீர்கள் என்பதுதான். (பூனைக்குத் திமிர் உண்டா என்றால், அதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம்.) பினாங்கில் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவது என் வேலை. “அக்கா, இவன் முந்தி இப்படி இல்ல, இப்போ தொட்டாலே உறுமுறான்” என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் உடம்பில் ஏதோ ஓரிடத்தில் வலியோ அரிப்போ இருக்கும். அதனால் பராமரிப்பையும் குணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறையாவது, டிவி பார்த்துக்கொண்டேகூட, தலையிலிருந்து வால்வரை தடவிப் பாருங்கள். உள்ளங்கையால் மேலாகத் தடவினால் ஒன்றும் தெரியாது, விரல் நுனி தோலைத் தொட வேண்டும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, கால் விரல்களுக்கு நடுவில்: முடிச் சிக்கும் உண்ணியும் ஒளிந்துகொள்வது இங்கெல்லாம்தான். எந்த இடத்தில் கை பட்டதும் உடம்பு விறைக்கிறது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கிறது, உதட்டை நக்குகிறது என்று கவனியுங்கள்.

ஜெலுத்தோங்கில் ஒரு ஷீட்சூ நாய். பேரப்பிள்ளைகள் தூக்கப் போனால் கடிக்க வருகிறது என்று ரொத்தானை (பிரம்பை) காட்டி மிரட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அக்குளில் முடி திரண்டு, கெட்டியாகத் தோலோடு ஒட்டிக் கிடந்தது, முன்னங்காலை நீட்டும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுத்தது. கிளிப்பரைத் தோலுக்கு இணையாகப் படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி எடுத்தேன். கழன்று வந்ததற்கு அடியில் தோல் சிவந்து, ஈரம் கசிந்து, புளித்த வாடை அடித்தது. பிள்ளைகள் தூக்கும்போது அவர்கள் விரல் போய் அழுந்திய இடமும் அதுதான்.

இப்படிச் சிக்கு இருந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சிக்கோடு தோலும் மேலே எழும்பி வரும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவீர்கள், பூனைத் தோல் இன்னும் மெல்லிசு. தண்ணீர் ஊற்றுவதும் தப்பு, நனைந்து காய்ந்தால் சிக்கு இன்னும் இறுகும். முதலில் மெல்லிய கம்பிப் பற்கள் இருக்கிற ஸ்லிக்கர் பிரஷ்ஷால் பகுதி பகுதியாக வாரி, அப்புறம் இரும்புச் சீப்பைத் தோல்வரை இறக்கிப் பாருங்கள், தடையில்லாமல் ஓடினால்தான் குளியல். ஹஸ்கி, பொமரேனியன் மாதிரி மேல்முடி, உள்முடி என்று இரட்டை முடி இருக்கிற நாய்களை “நம்ம ஊர் சூடு, பாவம்” என்று மொட்டையடிக்கச் சொல்வார்கள், நான் மறுத்துவிடுவேன். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் சில நேரம் பழையபடி வளர்வதும் இல்லை. உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்தாலே உடம்புக்குக் காற்று போகும்.

குளிப்பாட்ட நாம் போடும் ஷாம்பு வேண்டாம், நாய்த் தோலும் நம் தோலும் ஒன்றில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், குட்டை முடிப் பூனைக்கு அதுவும் தேவையில்லை. இங்கே முக்கியம் குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பதுதான். காற்றிலேயே ஈரம் இருக்கிற ஊர் இது, மேல்முடி காய்ந்தது போல் இருக்கும், உள்ளே விரல் விட்டால் ஜில்லென்று இருக்கும். அப்படியே விட்டால் தோல் புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும், படர்தாமரையாக இருந்தால் உங்கள் பிள்ளைக்கும் ஒட்டும். புளோவரைக் குறைந்த சூட்டில் வையுங்கள், சத்தத்துக்குப் பயந்தால் சில நாள் அடுத்த அறையில் ஓடவிட்டு இந்தப் பக்கம் அவித்த கோழி கொடுங்கள். காதுக்குள் பட்ஸ் விடாதீர்கள். தலையை உதறுவதும், காதைச் சொறிவதும், பழுப்பு அழுக்கும் நாற்றமும் சேர்ந்தால் அது வெட் (கால்நடை மருத்துவர்) பார்க்க வேண்டிய காது.

உண்ணிக்கு நம் வீடுகளில் மண்ணெண்ணெய் தடவுவார்கள், கற்பூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். இரண்டும் விஷம், அதுவும் நக்கி உள்ளே போகும். சாமணத்தால் உண்ணியின் தலைக்குப் பக்கத்தில், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைக்காதீர்கள். நாய் சோர்ந்து, சாப்பாட்டைத் தொடாமல், ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதைச் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடக் கூடாது. இன்னொன்று ரொம்ப முக்கியம்: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருக்கிறது, பூனைக்கு வலிப்பு வந்து செத்தே போகும். மிச்சத்தைக் கொஞ்சமாகத் தடவினேன் என்பதெல்லாம் செல்லாது.

நகம் வெட்டும்போதுதான் நிறையப் பேர் கடி வாங்குகிறார்கள். முதல் நாளே நாலு காலையும் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இன்று பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு கோழி, நாளை அழுத்திப் பிடித்து ஒரு துண்டு, அப்புறம் நகவெட்டியைக் காட்டி ஒரு துண்டு, பிறகு ஒரே ஒரு நகம். கறுப்பு நகத்தில் ரத்தக்குழாய் தெரியாது, மெல்லிசாகச் சீவிக்கொண்டே போங்கள், வெட்டுவாயின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்தினால் நிற்கும்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். வால் ஆடினால் சந்தோஷம் என்றும் நினைக்க வேண்டாம். வால் உயர்ந்து விறைப்பாக, சின்னதாக, வேகமாக ஆடினால் தள்ளி நில்லுங்கள். பூனை முதுகுத் தோல் துடித்து, வால் பட்டுப் பட்டென்று அடித்தால் தடவியது போதும் என்று அர்த்தம்.

பூனை சோபாவிலும் துணியிலும் சிறுநீர் விட்டால் பழிவாங்குகிறது என்பார்கள். அதற்கு அவ்வளவு திட்டமெல்லாம் கிடையாது. மணல் தட்டு அழுக்காக இருக்கும், வாஷிங் மெஷின் பக்கத்தில் இருக்கும், அல்லது மூன்று பூனைக்கு ஒரே தட்டு இருக்கும். பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகத் தட்டு வையுங்கள், வேறு வேறு இடத்தில். சிறுநீர் விட்ட இடத்தைப் பினாயிலால் துடைக்காதீர்கள், பூனைக்கு அது விஷம், கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். ஆனால் ஆண் பூனை திரும்பத் திரும்பத் தட்டில் போய்க் குந்தி, முக்கி, கத்தி, ஒரு சொட்டு வந்தும் வராமலும் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். குழாய் அடைத்திருக்கும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த ராத்திரியே திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி வெடிச் சத்தம். தீபாவளியாவது நம் வீட்டு விஷயம், முன்கூட்டியே தெரியும். சீனப் பெருநாளின் எட்டாம் இரவு, சீனர்களின் வானக் கடவுளான தீ கோங்கின் பிறந்தநாள் பிறக்கும் நள்ளிரவில், படகுத்துறை (ஜெட்டி) பக்கமெல்லாம் வானமே இடியும். அன்று பொழுது சாயும் முன்பே நடக்கக் கூட்டிப் போய்விட்டு, ஜன்னல் குறைந்த அறையில் திரை போட்டு, காற்றாடியும் டிவியும் ஓடவிட்டு உள்ளே வையுங்கள். வெளியே சங்கிலியில் கட்டவே கூடாது, பயத்தில் கழுத்தை நெரித்துக்கொள்ளும். அணைத்து ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்பது சும்மா பேச்சு. ரொம்ப நடுங்குகிற நாயாக இருந்தால் சில வாரம் முன்பே வெட்டிடம் மருந்து கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடாவோடு பினாங்கிலும் வெறிநாய் நோய் வந்தது மறந்திருக்காது.

கடைசியாக, வெட்டிடம் போகுமுன் வீட்டில் நடப்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். வீட்டில் ஊரையே கூட்டிய பூனை கிளினிக் மேசையில் சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கும், டாக்டர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். எப்போது தொடங்கியது, எந்த இடத்தைத் தொட்டால் சீறுகிறது, சாப்பாடு, சிறுநீர், மலம் எப்படி என்பதையும் அதே ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள்.