ஓப்பன் விஎம் டூல்ஸ்: டெபியன் பேக்கேஜ் கட்டிப் பார்ப்போம்

விஎம்வேர் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடும் லினக்ஸ் மெய்நிகர் கணினியின் ஐபி முகவரியை ஹோஸ்ட்டுக்கு (அதைத் தாங்கும் நிஜக் கணினிக்கு) சொல்வது, ஹோஸ்ட் கேட்டதும் ஒழுங்காக ஷட்டவுன் ஆக வைப்பது எல்லாம் ஓப்பன் விஎம் டூல்ஸின் வேலை. 2007-இல் இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். முன்பு கர்னல் மாட்யூல்களையும் (லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் துணுக்குகளையும்) சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. விஎம்எக்ஸ்நெட்3 என்ற நெட்வொர்க் டிரைவர் போன்றவை லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே போய்விட்டதால் அந்தத் தொல்லை இப்போது இல்லை.

முதலில் டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) ஓடும் மெய்நிகர் கணினியில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள்; ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டின் களஞ்சியப் பட்டியலில், மூலநிரல் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆப்ட் சோர்ஸ்’ மூலநிரலை இறக்கும். ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டத் தேவையான நூலகங்களைக் கொண்டுவரும்.

அடுத்து, மூலநிரலுக்குள் இருக்கும் ‘டெபியன்’ ஃபோல்டர். அதில் ‘கன்ட்ரோல்’ கோப்பைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரே மூலநிரலிலிருந்து சர்வருக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று எனத் தனித்தனி பேக்கேஜ்கள் வருவதைக் காண்பீர்கள். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டுவிடுகிறார்கள். காப்பி-பேஸ்ட் செய்யும் பிளகினுக்கு ஜிடிகே என்ற கிராஃபிக்ஸ் நூலகம் வேண்டும். அதைச் சர்வர் பேக்கேஜில் வைத்தால், திரையே இல்லாத சர்வரிலும் கிராஃபிக்ஸ் நூலகங்கள் வரிசையாக வந்து உட்காரும். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு என்பதை ‘இன்ஸ்டால்’ என்று முடியும் கோப்புகள் தீர்மானிக்கின்றன. டெஸ்க்டாப் பேக்கேஜ், அதே பதிப்புள்ள சர்வர் பேக்கேஜைச் சார்ந்திருக்கட்டும். பதிப்பு மாறினால் பிளகின்கள் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

பின்னணியில் ஓடும் சர்வீஸை எப்போது கிளப்ப வேண்டும் என்று சொல்லும் சர்வீஸ் கோப்பில் ‘கண்டிஷன்விர்ச்சுவலைசேஷன்=விஎம்வேர்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விஎம்வேருக்கு வெளியே சர்வீஸ் வீணாகக் கிளம்பாமல் தடுப்பது அதுதான்.

சரி, இனி கட்டலாம். ‘டிசிஎச் --லோக்கல்’ கொடுத்துப் பதிப்பெண்ணில் உங்கள் அடையாளத்தைச் சேருங்கள். பிறகு ‘டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -யுஎஸ் -யுசி -பி’. டெப் கோப்புகள் ஒரு படி மேலுள்ள ஃபோல்டரில் விழும். பேக்கேஜில் பிழை தேடும் கருவியான லின்டியனில் அவற்றை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ‘இ’ என்று தொடங்கும் பிழைகளைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

நிறுவும்போது ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போடுங்கள். இல்லாவிட்டால் ஆப்ட் அதைக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும். ‘விஎம்வேர்-டூல்பாக்ஸ்-சிஎம்டி -வி’ பதிப்பைக் காட்டினால் கருவி வேலை செய்கிறது.

அப்புறம் அதே பேக்கேஜை டெபியன் ஓடும் ஒரு நிஜக் கணினியிலும் நிறுவிப் பாருங்கள். அங்கே ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’, நிபந்தனை பொருந்தாததால் சர்வீஸ் கிளம்பவில்லை என்று சொல்ல வேண்டும்.