சர்வீஸுக்கு விடும் முன் வண்டியில் மாட்டியதையெல்லாம் கழற்றுவது எப்படி?

வாரன்டி இருக்கிற காரில் ஆசைப்பட்டு எதையெதையோ மாட்டிவிட்டு, சர்வீஸ் தேதி வந்ததும் கையைப் பிசைகிறவர்களில் நானும் ஒருவன். காலை பத்து மணிக்குத் தஞ்சாவூரில் வண்டியை விட வேண்டும், முந்தின ராத்திரி மன்னார்குடியில் வீட்டு வாசலில் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் டபுள் ஹார்னைக் கழற்றினேன். கழற்றினேன் என்பதைவிட அறுத்தேன் என்பதுதான் சரி. எது கம்பெனி ஒயர், எது கடையில் இழுத்த ஒயர் என்று தெரியாமல் இரண்டையும் வெட்டிவிட்டேன். மறுநாள் வடுவூர் தாண்டி அறுவடை மிஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தபோது ஹார்னை அழுத்தினால் சத்தமே இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவைக் கையால் தட்டிக்கொண்டே பின்னால் போனேன். சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்து வெட்டின ஒயரைப் பார்த்தார், வண்டியின் நிலையையும் வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினார்.

அதற்குப் பிறகு மூன்று தடவை ஒழுங்காகக் கழற்றி விட்டிருக்கிறேன். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் செய்யும் அளவுக்கு இங்கே எழுதுகிறேன். ஆனால் ஒன்று, இது மறைக்கிற வித்தை கிடையாது. நீங்கள் மாட்டிய பொருளால்தான் ஒரு பாகம் போயிருக்கிறது என்றால், அதை ஒளித்துவிட்டு வாரன்டியில் கேட்பது ஏமாற்று வேலை. நாம் கழற்றுவது வேறு காரணத்துக்கு. ஏசி கூலிங் வரவில்லை என்று போனால், ஏசியை விட்டுவிட்டு ஃபாக் லேம்ப் ஒயரைப் பிடித்துக்கொண்டு “வெளியில வேலை பார்த்திருக்கீங்களே சார்” என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். வெளிச் சாமான் இல்லாத வண்டியில் கோளாறைத் தேடுவது அவர்களுக்கும் சுலபம்.

ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்

வண்டி வாங்கிய பில்லையும் அக்சசரி பில்லையும் எடுங்கள். ஷோரூமிலேயே மாட்டி அவர்கள் பில்லில் ஏறியிருக்கும் பொருளைத் தொட வேண்டாம். அந்தப் பில்லின் ஒரு நகலை மட்டும் டேஷ்போர்டில் வையுங்கள். மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒயரில் கை வைத்தவை (லைட், ஹார்ன், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா), இன்ஜினில் கை வைத்தவை (ஏர் ஃபில்டர், ரீமேப் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராம் மாற்றம்), சும்மா ஒட்டினவை அல்லது நட்டில் நிற்பவை (ஜன்னலுக்கு மேல் ஒட்டும் மழைத்தடுப்பான டோர் வைசர், கார்டு என்கிற காப்புக் கம்பி அல்லது தகடு, அலாய் வீல்).

மிதியடி, ஸ்டீயரிங் கவர் எல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். சீட் கவரில் மட்டும் கவனம். முன் சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் அந்தச் சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது என்று அர்த்தம், மேலே இறுக்கமாகக் கவர் போட்டால் அது விரிய வழியில்லாமல் போகும். சர்வீஸ் முடிந்த பிறகும் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

அப்புறம் பரணில் ஏறி, கம்பெனி பாகங்களைத் தேடுங்கள். நிஜமாகவே நேரம் எடுக்கிற வேலை இதுதான். எனக்குப் பழைய பல்பு கிடைத்தது, பல்புக்குப் பின்னால் வரும் ரப்பர் மூடி கிடைக்கவில்லை. ஒரு வாரம் இருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

பேட்டரியில் கை வைக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? எரிந்தால் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு கோட் அழிந்துவிடும், அதோடு கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் ஓடியது என்ற பதிவும் போய்விடும். அதுதானே சர்வீஸ்காரருக்கு வேண்டியது. விளக்கோடு அப்படியே கொண்டுபோய், என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

விளக்கு எரியவில்லையா, சரி, சாவியை எடுத்துவிட்டு பத்தாம் நம்பர் ஸ்பானரால் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலும் ஸ்டீயரிங் பக்கமும் மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) தெரிந்தால் அது ஏர்பேக் லைன், தொடவே தொடாதீர்கள்.

ஹெட்லைட்

நம் பக்கம் ராத்திரியில் வாய்க்கால் கரை ரோட்டில் தெருவிளக்கு கிடையாது, எதிரில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நிற்கும், அதனால் எல்லோரும் முதலில் மாற்றுவது பல்பைத்தான். கம்பெனி எச்4 பல்பு 60/55 வாட். கடையில் போட்டுவிடுவது 100/90. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரும் ஹோல்டரும் மட்டும் அதே பழைய ஒயர், அதே ஹோல்டர். ரிலே (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) போடாமல் வெறும் பல்பை மட்டும் மாற்றியிருந்தால் ஹோல்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக், டீக்கறை படிந்த டம்ளர் மாதிரி பழுப்பேறி, ஒரு முனையில் லேசாக உருகியிருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. அதை வாரன்டியில் கேட்கவில்லை, நானே காசு கொடுத்து மாற்றினேன், ஏனென்றால் கருக்கியவன் நான்தான்.

எல்இடி போட்டிருந்தால் வேறொரு தொல்லை. பின்னால் ஃபேன் துருத்திக்கொண்டு நிற்பதால் கடையில் அந்த ரப்பர் மூடியை வட்டமாக அறுத்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி லைட் கண்ணாடி உள்ளே வியர்த்துக்கொள்ளும். லைட்டுக்குள் தண்ணீர் என்று நீங்கள் புகார் சொல்ல, அவர்கள் அறுத்த ரப்பரைக் காட்டுவார்கள்.

கழற்றும் முறை: கப்ளரை நேராக இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பரை உரித்து, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு வந்துவிடும். கம்பெனி பல்பை மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடியுங்கள். பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் கிளிப் விழும். ரிலே ஒயரிங் தனியாக இருந்தால் பேட்டரி முனையிலிருந்து தொடங்கி ஒயரைக் கட்டியிருக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் டையாக அறுத்து முழுசாக வெளியே எடுங்கள்.

ஹார்ன், கேமரா, ஸ்டீரியோ

இங்கே ஒரே விதிதான், எந்த ஒயரையும் வெட்டாதீர்கள். வெட்டும் முன் போட்டோ எடுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கப்ளருக்குக் கப்ளர் மாட்டியிருந்தால் பிடுங்கினால் போதும். கம்பெனி ஒயரைச் சீவி அதில் சுற்றி டேப் ஒட்டியிருந்தால், சீவிய இடத்தைச் சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். இது தெரியாதவர்கள் ஒயரிங் கடையில் கொடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. வெறும் இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலுக்குப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஏதாவது செருகியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். சர்வீஸ்காரர் தன் ஸ்கேனரை அங்கேதான் செருகுவார்.

ஒயரைப் பார்க்கும்போதே எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்து சூடான இன்ஜின் மேல் குடும்பம் நடத்தும். எலிக்கடி பொதுவாக வாரன்டியில் வராது, இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம்.

கார்டு, வைசர், அலாய்

முன்பக்க புல் கார்டை (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி) கழற்றினால் திரும்ப மாட்டாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு இதைத் தடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டது. மோதலின் அடி நேராக சேசிஸுக்குப் போகும், ஏர்பேக் விரிவதும் தடுமாறும்.

இன்ஜினுக்கு அடியில் தகடு மாட்டியிருந்தால் அதைக் கட்டாயம் இறக்குங்கள். ரோட்டில் உளுந்தும் எள்ளும் காயப்போட்டு அதன் மேல் வண்டியை ஏற்றித்தானே நாம் போகிறோம். நான் இறக்கியபோது இரண்டு கை வைக்கோல், பதர், ஒரு பக்கம் கருகிய நார். அதற்குச் சற்று மேலேதான் சைலன்சர் குழாய். ஒரு மாதமாக வந்த கருகல் வாசனைக்குக் கிளட்ச்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோர் வைசரைக் கையால் பிய்த்தால் பெயின்ட் வரும். ஹேர் டிரையரில் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம் மாதிரி இழுத்தால் டேப் அறுந்துகொண்டே வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள்.

அலாய் வீலைப் பொறுத்தவரை, கம்பெனி நட்டையே திரும்பப் போடுங்கள், கடை நட்டின் கூம்பு வேறாக இருக்கும். எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். டயர் சைஸ் மாற்றியிருந்தால் மீட்டரே தப்பாகக் காட்டும். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 205/65 ஆர்15 போட்டால் சுற்றளவு 4 சதவீதம் கூடும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் ஓடும், ஓடோமீட்டரும் அந்த அளவு குறைத்தே எண்ணும்.

ரீமேப்

இதில் நான் சொல்ல அதிகமில்லை. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் பல வண்டிகளின் இசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை ஃபைல் ஏற்றப்பட்டது என்ற கணக்கு நின்றுவிடும். டர்போ போய்விட்டது, ரீமேப் செய்த வண்டி என்றால், சொல்லிவிட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் அவர்கள் புது அப்டேட் ஏற்றும்போது உங்கள் ஃபைல் தானாகவே அழியும், அது வேறு கணக்கு.

கழற்றியதும் ஓட்டிப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். லைட், இண்டிகேட்டர், ஹார்ன் (ஹார்ன்!), பவர் விண்டோ எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். பழைய கோளாறு இன்னும் வருகிறதா? வந்தால், நீங்கள் மாட்டியது எந்தப் பாகத்தையும் கெடுத்துவைக்கவில்லை என்றால், அது அதனால் வந்ததல்ல என்று பேசலாம். போய்விட்டதா? அப்படியானால் உங்கள் பணம் மிச்சம், சர்வீஸ்காரரிடம் வாக்குவாதமும் இல்லை.

கவுன்டரில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். “ஃபாக் லேம்ப் இருந்தது சார், கழற்றிட்டேன், கழற்றின பிறகும் ஏசி இப்படித்தான் இருக்கு” என்றால் போதும். வெளிச் சாமான் மாட்டியதால் மொத்த வாரன்டியும் ரத்து என்று வாயால் சொன்னால், எந்தப் பாகம், என்ன காரணம் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டீரியோ மாட்டியதற்கும் சஸ்பென்ஷன் புஷ் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுத உட்காரும்போதுதான் அவர்களுக்கே யோசனை வரும். எழுதியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அந்த எழுத்துதான் அங்கே கையில் இருக்க வேண்டிய காகிதம்.

கழற்றிய சாமானையும் கம்பெனி நட்டு, கிளிப்பையும் தனித்தனிப் பையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். நான் வீட்டுக்கு வந்து ஹார்னை மட்டும் திரும்ப மாட்டினேன், இந்தத் தடவை ரிலே வைத்து, கப்ளருக்குக் கப்ளராக.