காரின் முன் ஸ்பிரிங்கை மாற்றுதல்: புதிதாகக் கற்பவர்களுக்கு

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தின் பக்கமிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொக்' என்று இன்னொரு சத்தம், சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்த நிலை: இவை சேர்ந்து தென்பட்டால் முன் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஹூண்டாய் ஐ10 போன்ற நம் ஊர்ச் சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இணைந்திருக்கும் இந்த அமைப்பில் ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது என்பதை இங்கே விளக்குகிறேன். இந்த வேலையில் பெரும்பகுதி, நட்டு போல்ட்டுகளை ஒழுங்காகக் கழற்றி மாட்டுவதுதான். ஆனால் நடுவில் ஒரு கட்டம், அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைக் கையாளும் கட்டம், உயிருக்கே ஆபத்தானது. அந்தப் பகுதியை முழுதாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

பழுதை உறுதி செய்தல்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, சுமையை எல்லாம் இறக்கி, டயர்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து, இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால்தான் நடுமையத்திலிருந்து அளக்கச் சொல்கிறேன். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள். பெரும்பாலான உடைப்புகள் அங்கேதான் நிகழ்கின்றன. ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டில் சேறும் நீரும் தேங்குகின்றன. சிறுகல் பட்டு பெயின்ட் உரிகிறது. உரிந்த இடத்தில் துரு குழி விழுகிறது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் முறுக்கப்படும் கம்பியில் அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். தொழிற்சாலையில் ஸ்பிரிங்கின் மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்கமாக்குவதே இத்தகைய விரிசலைத் தடுப்பதற்காகத்தான். துரு அந்தக் காப்பையே தின்றுவிடுகிறது.

உடைந்த முனை டயரின் உட்புறத்தைக் கிழிக்கக்கூடும். வெளிப்பக்கம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் அந்தக் காரை ஓட்ட வேண்டாம்.

உடையாமல் தாழ்ந்துபோன ஸ்பிரிங்கிற்கு, சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பஃபர் பிடித்த சுற்று இயங்க முடியாமல் போவதால் அதன் வேலை மற்ற சுற்றுகளின் மேல் விழுகிறது. உடைந்த ஸ்பிரிங்கை வெல்டு வைப்பதோ, நீளத்தை வெட்டிக் குறைப்பதோ கூடவே கூடாது. வெல்டிங்கின் சூடு ஸ்பிரிங் எஃகின் பதத்தையே கெடுத்துவிடும்.

வாங்க வேண்டியவை

ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக்கினால் உயரம் ஒத்துவராது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஒரே மாடலில் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் எஞ்சின் எடை வேறு என்பதால் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கும். எனவே மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை உறுதிசெய்து வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் வகையை அடையாளம் காட்டுவதற்காக உற்பத்தியாளர் இட்டவை அவை. கூடவே டாப் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர் (தண்டைத் தூசியிலிருந்து காக்கும் உறை), ஸ்ட்ரட்டின் தண்டு முனையில் இருக்கும் நடு நட்டு ஆகியவற்றையும் வாங்கி வைத்துவிடுவது நல்லது. ஸ்ட்ரட்டைப் பிரித்த பிறகு தேய்ந்த பேரிங்கையே திரும்ப மாட்டினால், சில மாதங்களில் அதே வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேரும்.

கருவிகளில் ஜாக்கி, தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டைகள், பாக்ஸ் ஸ்பேனர் செட், அலன் கீ, துரு நீக்கும் ஸ்பிரே, குறித்த முறுக்குவிசைக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், ஸ்பிரிங்கைக் கொக்கிகளால் பிடித்து அழுத்தும் தரமான ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஆகியவை வேண்டும். கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்தால், கொக்கிகளில் விரிசலோ மரையில் தேய்மானமோ இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இருந்தால் அதை வாங்காதீர்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றுதல்

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கார் தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியால் தூக்கி, காரின் கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, முழு எடையையும் அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அது தாங்கிக்கொண்டிருக்கும் காரின் அடியில் கை கால் எதுவும் போகக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும், ஸ்ட்ரட்டோடு கிளிப் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் முதலில் விடுவியுங்கள். அடுத்து ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்புத் தண்டு) ஸ்ட்ரட்டில் மாட்டப்பட்டிருந்தால் அதன் நட்டைக் கழற்ற வேண்டும். நட்டோடு சேர்ந்து பால் ஜாயின்ட்டின் தண்டும் சுற்றும் என்பதால், தண்டின் முனையில் அலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும்.

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை, சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளோடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைத் தொடும் முன், போல்ட்டின் தலையைச் சுற்றியும் ஸ்ட்ரட்டின் விளிம்பை ஒட்டியும் பெயின்ட்டால் கோடு போட்டு அவற்றின் இருப்பைக் குறித்து வையுங்கள். சக்கரத்தின் சாய்வுக்கோணம் இந்த இடத்தில்தான் நிர்ணயமாகிறது. மரைகளில் துரு நீக்கியைத் தெளித்து ஊறவிட்டு, போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சில கார்களில் போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும். தலையைத் திருப்பினால் அவை சிதைந்துவிடும். போல்ட்டை வெளியே தட்டும் முன் நக்கிளுக்கு அடியில் ஜாக்கியோ கட்டையோ கொடுத்துவிட வேண்டும். தாங்கல் இல்லாமல் விட்டால் நக்கிள் வெளிப்புறமாகச் சரியும். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் விலகிவிடலாம், பிரேக் ஹோஸும் இழுபடும்.

இனி பானெட்டைத் திறந்து, டாப் மவுன்ட்டைப் பாடியோடு பிடித்திருக்கும் வெளி நட்டுகளைக் கழற்றுங்கள். கடைசி நட்டைக் கழற்றும்போது கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்திருப்பது நலம். சில கார்களில் ஸ்ட்ரட்டின் நடுத்தண்டில் இருக்கும் நட்டும் மேலிருந்தே கண்ணில் படும். அதை இப்போது கழற்றவே கூடாது. ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான்.

ஸ்பிரிங்கை அழுத்துதல்

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரில் எடையின் பெரும்பகுதி முன்பக்கத்தில் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் இருநூறு கிலோவுக்கும் மேல் தாங்குகிறது. காரிலிருந்து கழற்றிய பிறகும் அது மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே அழுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கும். அழுத்தத்தை முறையாக அடக்காமல் நடு நட்டைக் கழற்றினால், டாப் மவுன்ட் சிதறி எதிரே இருப்பவரின் முகத்தில் பாயும்.

ஸ்ட்ரட்டை வைஸில் உறுதியாகப் பிடியுங்கள். ஷாக் அப்சார்பரின் உருளைப் பகுதியை நசுக்கிவிடாமல், அடியில் உள்ள போல்ட் துளைப் பட்டையைப் பிடிக்க வேண்டும். டாப் மவுன்ட், ஸ்பிரிங், கீழ்த்தட்டு மூன்றின் மேலும் ஒரே நேர்க்கோடாக அடையாளம் இட்டு, கழற்றும்போது பாகங்களின் வரிசையைப் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரின் இரண்டு தண்டுகளையும் நேரெதிராக, 180 டிகிரியில், இயன்றவரை அதிகச் சுற்றுகளை உள்ளடக்கும்படி மாட்டுங்கள். கொக்கி சுற்றின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தால் அவிழ்த்து மறுபடியும் மாட்டுங்கள். மரையில் கிரீஸ் தடவி, கை ஸ்பேனரால் ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். காற்று கன்னும் மின் இம்பாக்ட் ரெஞ்சும் இங்கே வேண்டாம். ஒரு பக்கம் வேகமாக இறுகினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல் வளைந்து, கொக்கியை நழுவவிடும். வளைவது தெரிந்தால் நிறுத்தி, தாழ்ந்த பக்கத்தைத் தளர்த்திச் சமப்படுத்துங்கள். வேலை முழுதும் உங்கள் தலையும் உடலும் ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேராக வராமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

எவ்வளவு அழுத்த வேண்டும்? ஸ்பிரிங் மேல்தட்டைவிட்டு விலகி, கையால் அசைத்தால் தளர்வாக ஆடும் வரை மட்டும். அந்த நிலை வந்ததும், நடுத்தண்டை அலன் கீயால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றலாம். நட்டு இன்னும் இறுக்கமாக எதிர்க்கிறது, ஸ்பிரிங்கும் தட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது என்றால், அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

ஸ்பிரிங் நடுச்சுற்றில் உடைந்திருந்தாலோ, கொக்கி பிடிக்கப் போதிய நல்ல சுற்றுகள் இல்லாவிட்டாலோ, இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். கழற்றிய ஸ்ட்ரட்டை அப்படியே சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தருவது அவர்களுக்குச் சிறிய வேலை.

மீண்டும் கோத்தல்

பழைய ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரோடு எடுத்து ஓரமாக வைத்து, கொக்கிகளைப் பொறுமையாக மாறி மாறித் தளர்த்துங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தண்டை உள்ளே அழுத்தும்போது தடங்கலோ, எதிர்ப்பே இல்லாத வெற்று இடமோ தெரிந்தால் அதையும் மாற்றியே தீர வேண்டும். டாப் மவுன்ட்டின் பேரிங்கை விரலால் சுழற்றி, கரகரப்பு உணரப்பட்டால் புதியதைப் போடுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் சத்தம் பல வண்டிகளில் இந்தப் பேரிங்கினால்தான்.

புதிய ஸ்பிரிங்கைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தி, கம்பியின் கனத்தையும் சுற்றுகளையும் ஒப்பிட்ட பின், அதே முறையில் அழுத்தி மாட்டுங்கள். அதன் கீழ்முனை, தட்டில் உள்ள படி போன்ற இடத்தில் முட்டும்படி உட்கார வேண்டும். முனை படியைத் தாண்டி ஏறிவிட்டால் ஸ்பிரிங் சாய்ந்து நிற்கும். முதல் மேட்டிலேயே அது நழுவி அதிரும். பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், மேல்தட்டு, பேரிங், டாப் மவுன்ட் என்ற வரிசையை, கழற்றும்போது எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் கோத்து, புதிய நடு நட்டை (தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டு) போட்டு, உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள முறுக்குவிசைக்கு இறுக்குங்கள். அதன் பிறகே கம்ப்ரஸரை மாறி மாறித் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போதே இரு முனைகளும் தத்தம் இருப்பிடத்தில் வந்து உட்காருகின்றனவா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஸ்ட்ரட்டைக் காரில் மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். நக்கிள் போல்ட்டுகளைப் பெயின்ட் குறிக்கு நேராக நிறுத்தி, கையேட்டு அளவுக்கு இறுக்கி, பிரேக் ஹோஸ் எங்கும் முறுக்காமலும் டயரில் உரசாமலும் இருப்பதை ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு மறுபக்கத்தையும் இதே முறையில் முடிக்க வேண்டும்.

பின்பக்கத்தில் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள கார்களில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருக்கும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி பீமை மெதுவாக இறக்கினால், பல கார்களில் கம்ப்ரஸர் இல்லாமலேயே ஸ்பிரிங் வெளியே வந்துவிடும்.

வேலை முடிந்ததும் காரை முன்னும் பின்னும் சிறிது நகர்த்தி, உயரத்தை மறுபடியும் அளந்து, மெதுவான வேகத்தில் ஒரு சிறு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றிய கார் வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓடினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும் என்பதால், முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகள், நக்கிள் போல்ட்டுகள், டாப் மவுன்ட் நட்டுகள் ஆகியவற்றின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை சரிபார்த்து, முன்பக்க உயரம் மாறியிருப்பதால் ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காதபடி தாழ்த்தி அமையுங்கள்.