அழவைக்கும் அவசரம்: குடும்பப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவர் தாம் எழுதிய திரைக்கதையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய கதை. முதல் நாற்பது பக்கங்களுக்குள் ஆசிரியருக்கு மாரடைப்பு வந்துவிடுகிறது. மூத்த மகனுக்கு வேலை போய்விடுகிறது. மகள் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வருகிறாள். குடியிருக்கும் வீடும் ஏலத்துக்கு வந்துவிடுகிறது. அத்தனையையும் படித்த பிறகும் எனக்குக் கண் கலங்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த சில பக்கங்களில் ஒரு சிறு காட்சி வந்தது. தம்மிடம் படித்து இன்று வசதியாக இருக்கும் ஒருவரிடம் கடன் கேட்கப் புறப்படும் அந்த ஆசிரியர், திண்ணையில் உட்கார்ந்து, வார் அறுந்த செருப்பை ஊசி நூல் கொண்டு தைக்கிறார். மனைவி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறாள். எங்கே புறப்பட்டுவிட்டீர்கள் என்று கேட்காமல் உள்ளே போய்விடுகிறாள். அந்த இடத்தில் நான் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சண்டையோ மர்மமோ பேயோ துணைக்கு வராமல், மனிதர்களுக்கு இடையிலான உறவையும் அவர்கள் எடுக்கும் முடிவுகளையும் மட்டுமே நம்பி இரண்டரை மணி நேரம் ஓட வேண்டிய படம் குடும்பப் படம். இப்படிப்பட்ட படங்களில் தோற்றுப்போனவற்றைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே காரணம்தான் கண்ணில் படுகிறது. பாத்திரம் இக்கட்டில் சிக்குவதற்கு முன்பே பார்வையாளர் அழுதுவிட வேண்டும் என்று படைப்பாளி அவசரப்படுகிறார். கீழே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்தின் கிளைகளே.

துன்பங்களை அடுக்குவது

ஒரு துன்பம் போதவில்லை என்று தோன்றும்போது இன்னொன்றைச் சேர்ப்பது கதை விவாதங்களில் எளிதாக நடந்துவிடும் காரியம். கடன் இருக்கிறது, அதோடு நோயும் வரட்டும். நோய் வந்தாயிற்று, அதோடு ஒரு விபத்தும் நடக்கட்டும் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகும். ஆனால் இரண்டாவது துன்பம் வரும்போதே முதல் துன்பத்தின் கனம் குறையத் தொடங்கிவிடுகிறது. மாரடைப்பு வந்த மனிதருக்கு வீட்டு ஏலம் ஒரு செய்தியாகத்தான் சென்று சேரும். அவர் அதை எப்படித் தாங்குகிறார் என்று பார்ப்பதற்குப் படத்தில் இடம் இருக்காது.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண், தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக இருக்கும் மனையில் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று தொடங்குகிறாள். படம் முழுவதற்கும் அந்த ஒரு காரியம்தான். மனையில் ஒரு பகுதியை விற்பது, கடனுக்கு அலைவது, ஒப்பந்தக்காரர் ஏமாற்றுவது, அது சித்தாள் ஒருத்தியின் வாயால் வெளிப்படுவது என்று எல்லாமே அந்த ஒரே வீட்டின் செங்கல்லோடும் சிமெண்டோடும் சேர்ந்து வருகின்றன. பிறகு ஒரு நாள் தாத்தா தனியாகப் புறப்பட்டுப்போய், பாதி கட்டிய அந்த வீட்டைப் பார்க்கிறார். சொக்கலிங்க பாகவதர் என்ற முதிய நாடக நடிகர் அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். பூச்சுப் பூசாத சுவர்களை அவர் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர அந்தக் காட்சியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அந்தச் சுவர் எழும்ப என்னவெல்லாம் ஆனது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பயணத்தோடு அவர் வாழ்வு முடிந்துவிடுகிறது. படத்தில் வரும் ஒரே மரணம் அந்த அளவு கனக்கிறது என்றால், அதற்கு முன்பு வேறு எதையும் கொண்டுவந்து நம் மேல் போடவில்லை என்பதும் ஒரு காரணம்.

எதிரில் நிற்பவரை மனிதராகப் பார்க்காதது

மற்றெல்லாத் தவறுகளையும்விட இது படத்தை ஆழமாகச் சேதப்படுத்துகிறது என்பது என் எண்ணம். மாமியார் கொடுமைக்காரி, அண்ணி பணப்பேய், முதலாளி இரக்கமற்றவர் என்று முதல் காட்சியிலேயே தீர்மானித்துவிட்டால் நாயகனுக்கோ நாயகிக்கோ செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. பொறுத்துக்கொள்வதும் இறுதியில் வெல்வதும்தான் அவர்கள் வேலையாகிவிடும். பார்ப்பவருக்கும் யார் பக்கம் நிற்பது என்ற தவிப்பு வராது. தவிப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு உரக்க அழுதாலும் அது நாடகமாகாது.

‘பாசமலர்’ (1961) என்றவுடன் அண்ணன் தங்கைப் பாசத்தைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அந்தப் பாசம் எதனால் சோதனைக்கு உள்ளாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கை சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டு தொழில் தொடங்கி, தொழிலாளி நிலையிலிருந்து முதலாளியாக உயர்கிறான் அண்ணன். அவளுடைய மனத்துக்குப் பிடித்தவனோ தொழிலாளர் பக்கம் நின்று அந்த அண்ணனையே எதிர்த்துப் பேசுகிறான். இருவரிலும் கெட்டவன் யாரும் இல்லை. தங்கை யாரை விட்டுக்கொடுத்தாலும் அது இழப்புதான். இயக்குநர் பீம்சிங் இந்த அடித்தளத்தை இவ்வளவு உறுதியாகப் போட்டுவைத்ததால்தான் பிற்பாதியின் உணர்ச்சிப் பெருக்கை அந்தப் படம் தாங்கி நிற்கிறது. அதன் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு அடித்தளத்தை விட்டுவிட்ட படங்கள் பின்னாளில் ஏராளமாக வந்தன.

மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) இதை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. கம்பிவடத்தால் இழுக்கும் விஞ்ச் என்ற இயந்திரத்தை இயக்கும் காளி முரடன். தங்கை வள்ளியின் மேல் உயிரையே வைத்திருப்பவன். புதிதாக வந்த பொறியாளர் அவனைக் கண்டிக்கிறார், தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்துகிறார். ஒரு நிர்வாகியாக அவர் செய்ததில் பிழை சொல்ல முடியாது. அந்த ஆத்திரத்தில் குடித்துவிட்டுக் கிடந்து காளி ஒரு கையை இழக்கிறான் என்பதால், அவன் வெறுப்பையும் நம்மால் தள்ளிவிட முடிவதில்லை. அதே பொறியாளர் வள்ளியை மணக்க விரும்பும்போது கதையின் முடிச்சு தானாகவே விழுகிறது. சரத்பாபு ஏற்ற அந்தப் பாத்திரத்தைத் திமிர் பிடித்த அதிகாரியாக எழுதியிருந்தால் எழுதுபவருக்கு வேலை சுலபமாகியிருக்கும். காளியும் சாதாரண நாயகனாக ஆகியிருப்பான்.

எழுதும்போது ஒரு பயிற்சி உதவும். கதையின் மோதலை எதிர்த்தரப்பில் இருப்பவர் தம் நண்பரிடம் சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். அவர் பேச்சில் ஒரு வாக்கியமாவது நம்மைச் சங்கடப்படுத்தவில்லை என்றால் அந்தப் பாத்திரம் இன்னும் உருவாகவில்லை என்று அறியலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் மனம் மாறுவது

இரண்டு மணி நேரம் பகைத்து நின்றவர்கள் ஒரு மருத்துவமனை வராந்தாவிலோ ஒரு கல்யாண மண்டபத்திலோ திடீரென்று திருந்தி ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும் முடிவைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மங்களமாக முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் குறை காண நான் விரும்பவில்லை. வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துக்கொண்டு வருபவர் நிம்மதியோடு வீடு திரும்ப நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நிம்மதிக்காகப் பாத்திரத்தின் குணத்தையே மாற்றும்போது, அதுவரை நாம் பார்த்த மனிதரே பொய்யாகிப்போகிறார்.

‘முள்ளும் மலரும்’ படத்தின் முடிவு இதற்கு நல்ல மாற்று வழி. அண்ணனின் சம்மதமின்றி நடக்கவிருக்கும் திருமணத்துக்குப் போகும் வழியில் வள்ளி அண்ணனிடமே ஓடி வந்துவிடுகிறாள். எல்லோரையும்விடத் தன் தங்கைக்குத் தான்தான் பெரியவன் என்று தெரிந்ததில் காளி நெகிழ்ந்து, அவளைப் பொறியாளரோடு அனுப்பிவைக்கிறான்; ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறான். முடிவு மாறியிருக்கிறது, காளி மாறவில்லை. படம் பார்த்தவர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மகிழ்வது அதனால்தான்.

விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வெகுமக்கள் திரையரங்குகளில் பெருவெற்றி பெற்ற படம். ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வீட்டுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிந்த குடும்பம் இறுதியில் ஒன்று சேர்கிறது. வழக்கமான படமாக இருந்தால் அந்த இடத்திலேயே வணக்கம் போட்டிருப்பார்கள். ஆனால் சேர்த்துவைக்கப் பாடுபட்ட மருமகள் உமாவே, இனி ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், தனித்தனியே இருந்து வந்துபோய் அன்பாக இருப்போம் என்கிறாள். அவள் சொல்வதில் கோபம் இல்லை. ஒருமுறை விழுந்த விரிசல் எங்கே மறுபடி விழும் என்று அறிந்தவளின் தெளிவு இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தைக் கொண்டாட வந்த பார்வையாளர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மக்கள் உண்மையான முடிவை ஏற்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

வசனமும் இசையும் முந்திக்கொள்வது

முகத்தில் தெரிவதை வாய் திரும்பச் சொல்வதும், வாய் சொன்னதை வயலின் மூன்றாம் முறை சொல்வதும் மிகப் பரவலான தவறு. வசனமே கூடாது என்பதல்ல. ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சி முழுக்க முழுக்க வசனத்தால் நிற்பதுதான், ஆனால் அங்கே பேச்சே செயலாக இருக்கிறது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தன் வழக்கைத் தானே வாதாடுகிறான். மகேந்திரன்கூட ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களுக்குக் கனமான வசனங்களை எழுதிப் பெயர் வாங்கிய பிறகே, தாம் இயக்கிய படங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எங்கே பேச வேண்டும் என்று அறிந்தவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

பாடல்கள் விஷயத்திலும் இப்படித்தான். ‘வீடு’ படத்தில் பாடல்களே கிடையாது, அதனால் அது குறைவுபடவும் இல்லை. அதே வேளையில் பாடல் என்றாலே கதைக்குத் தடை என்று நினைப்பதும் சரியன்று. ‘பாசமலர்’ படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ தாலாட்டில், பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் அவரவர் வீட்டில் அவரவர் குழந்தையைத் தூங்கவைக்கிறார்கள். இருவரும் நேரில் சொல்லிக்கொள்ள முடியாத ஏக்கத்தைப் பாட்டு ஏற்றுக்கொள்கிறது. அதை வெட்டி எடுத்தால் கதையில் ஓர் உறுப்பு போய்விடும். வெட்டி எடுத்தாலும் கதை நிற்கும் என்றால் அந்தப் பாட்டு அங்கே எதற்கு என்று யோசிக்க வேண்டும்.

பிழைப்பைக் காட்டாமல் விடுவது

ஏழை என்பார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார், எதைச் செய்து சம்பாதிக்கிறார் என்பது படத்தில் இருக்காது. கடன் என்பார்கள், தொகை தெரியாது. மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் (2015) ரயில் பாதையோரம் சிதறிக் கிடக்கும் கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களுக்கு பீட்சா தின்ன ஆசை வருகிறது. அதன் விலை இன்னது என்று நமக்குத் தெரியும், கரிக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். ஆகவே அவர்கள் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாயும் நமக்கும் கணக்காகிறது. பணம் சேர்ந்த பிறகும் உடையைக் காரணமாக்கிக் கடை வாசலிலேயே தடுக்கப்படும்போது, அந்தக் கணக்கு முழுவதும் சேர்ந்து நம்மைத் தாக்குகிறது.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோதல் தீர்ந்த பிறகு வரும் காட்சிகள் ஒன்றிரண்டுக்கு மேல் போனால் திரையரங்கில் செருப்பைத் தேடும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும்.

அந்த இளைஞர் நான்கு மாதம் கழித்துத் திருத்திய படியோடு வந்தார். மாரடைப்பும் ஏலமும் போயிருந்தன. மகளின் கதையை வேறொரு படத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். செருப்புத் தைக்கும் காட்சி பத்தாம் பக்கத்துக்கு வந்திருந்தது. முந்தைய படியில் ஆசிரியரை அவமானப்படுத்தி அனுப்பிய பழைய மாணவர், இப்போது அவரை எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியைத் துடைத்து உட்காரவைக்கிறார். கேட்ட தொகை அவரிடம் இல்லை. அன்று காலையில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். நம்ப மாட்டாரோ என்ற கூச்சத்தில் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து ஆசிரியரிடம் நீட்டுகிறார். ஆசிரியர் அதை வாங்கிப் பார்க்காமல், பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்கிறார்.