பல்சாங்கற லேசான மரத்துல, ரிமோட்ல பறக்கற மாடல் பிளேன மொத தடவையா கட்டப் போறவங்களுக்கு, சேலத்துலேந்து

மொத பிளேனுக்கே ஸ்பிட்ஃபயர், மஸ்டாங்னு போர் விமான கிட் (ஒட்டிக் கட்டற துண்டுகளோட வர்ற பெட்டி) வாங்கிடாதீங்க, பெட்டி மேல படம் அழகா இருக்கும், அதோட சரி. ரெக்கை உடம்புக்கு மேல உக்காந்திருக்கற ஹை விங் ட்ரெய்னர் வாங்குங்க, ஒரு மீட்டர்லேந்து 1.2 மீட்டர் ரெக்கை, பிளேன இடது வலது திருப்பற ரட்டர், மூக்க மேல கீழ ஆக்கற எலிவேட்டர், மோட்டார் வேகத்துக்கு திராட்டில்னு ரிமோட்ல மூணு சேனல், அது போதும். ரெக்கை ரெண்டு பக்கமும் லேசா மேல தூக்கியிருக்கும், டைஹெட்ரல்னு சொல்வாங்க, பிளேன் சாஞ்சா தானா நிமிர்றது அதனாலதான்.

கிட் வந்ததும் பசைய எடுக்காதீங்க. மொதல்ல ஒவ்வொரு குச்சியா கையில எடுத்து வளச்சுப் பாருங்க, ஒரே அளவு குச்சியில ஒண்ணு கெட்டியா இருக்கும் ஒண்ணு பஞ்சு மாதிரி இருக்கும், கெட்டியானத ரெக்கைக்கு முதுகெலும்பு மாதிரி நீளமா ஓடற ஸ்பாருக்கு எடுத்து வைங்க, லேசானத வாலுக்கு விடுங்க, இடது வலது ரெண்டுக்கும் ஒரே எடையா ஜோடி சேருங்க. பல்சா ஈக்வடார் பக்கத்து மரம், கன மீட்டருக்கு சுமார் 160 கிலோதான், தேக்கு 600க்கு மேல போகும். ஒடஞ்சா செவ்வாப்பேட்டை மரக்கடையில போய் கேட்டு வாங்கற சாமான் இல்லீங்க, அதனால கிட்டோடவே உபரியா ரெண்டு ஷீட் வரவழைச்சு வெச்சுக்கோங்க.

இப்ப பலகை. இதுக்கு செலவு பண்ணுங்க, வேற எதுக்கு கஞ்சத்தனம் பண்ணாலும் பரவால்ல. பலகை முறுக்கியிருந்தா அது மேல கட்டுன ரெக்கையும் அதே முறுக்கோடதான் வரும், அப்புறம் ரிமோட்ல என்ன ட்ரிம் பண்ணி சரிக்கட்டுனாலும் பிளேன் ஒரு பக்கமாவே இழுத்துட்டு போகும். ஒரு ஃப்ளஷ் டோர டேபிள் மேல போட்டு ரசமட்டம் வெச்சு நீளவாக்குல குறுக்கவாக்குல மூலைக்கு மூலைன்னு பாத்துட்டு, நோட்டீஸ் போர்டுக்கு போடற சாஃப்ட் போர்ட அது மேல ஒட்டுங்க, குண்டூசி இறங்கணும்ல. அதுக்கு மேல பிளான் பேப்பர், அதுக்கு மேல மெல்லிசான பாலிதீன். பாலிதீன் போடலைன்னா பிளானும் ரெக்கையும் சேந்து ஒட்டிக்கும்.

கீழ் ஸ்பார பிளான் கோட்டு மேல படுக்க வெச்சு ரெண்டு பக்கமும் ஊசி குத்துங்க, ஸ்பார் நடுவுலயே குத்தாதீங்க, பொளந்துக்கும். ரெக்கைக்கு வடிவம் குடுக்கற குறுக்குத் துண்டுகளான ரிப்ப எல்லாம் மொதல்ல பசை இல்லாம நிறுத்தி, மேல் ஸ்பார், முன்விளிம்பான லீடிங் எட்ஜ், பின்விளிம்பான ட்ரெய்லிங் எட்ஜ் எல்லாம் பொருந்துதான்னு பாத்துட்டு, ஒவ்வொரு ரிப்புக்கும் மூலமட்டம் வெச்சு செங்குத்தா இருக்கான்னு பாத்த பிறகுதான் ஒட்டணும். மேல் கீழ் ஸ்பாருக்கு நடுவுல ஒட்டற வெப் துண்டுகளுக்கு மர ரேகை செங்குத்தா நிக்கணும், படுக்கையா போட்டீங்கன்னா பலம் வராது, நெறைய பேர் கோட்ட விடற எடம் இது. இன்னொண்ணு, ரெண்டு இடது ரெக்கை கட்டிடாதீங்க, சிரிக்காதீங்க, நடக்குறதுதான்.

பசை விஷயத்துல பொறுமைக்காரங்களுக்கு ஃபெவிகால், ராத்திரி பூரா ஊசியோடவே விட்டுட்டு காலையில எடுங்க. அவசரக்காரங்களுக்கு ஃபெவிக்விக் மாதிரி சயனோ பசை, ஒரு சொட்டு ஜாயிண்ட்ல விட்டா உள்ள ஓடிப் புடிச்சுக்கும், ஆனா ஆவி கண்ண எரிக்கும், ஜன்னல தொறந்து வைங்க, பருத்தி துணியில சிந்துனா சூடாகி சுட்டுடும், லுங்கியோட உக்காந்து வேலை பாக்கறவங்க கவனம். மூக்குல மோட்டார் மாட்டற பலகையான ஃபயர்வால், ரெக்கை நடு ஜாயிண்ட் ரெண்டுக்கும் அரால்டைட், அதுலயும் மெதுவா காயற வகை. ஃபயர்வால் லேசா வலது பக்கமும் கீழயும் சாஞ்ச மாதிரி இருக்கும், அது கணக்காதான் வெச்சிருக்காங்க, கோணலா இருக்குன்னு நேராக்கிடாதீங்க.

உடம்பு கட்டறது பெட்டி செய்யற வேலைதான், மேலேந்து பாத்தா மூக்கும் வாலும் ஒரே கோட்டுல வரணும், அவ்வளவுதான். அப்புறம் உப்புத்தாள், 220ல ஆரம்பிச்சு 400ல முடிங்க, தாள ஒரு நேரான கட்டையில ஒட்டி தேய்ங்க, வெறும் விரலால தேச்சா ரிப்புக்கு ரிப்பு நடுவுல குழி விழும்.

கட்டி முடிச்ச சட்டத்து மேல சூடு காட்டி ஒட்டற கவரிங் ஃபிலிம்க்கு வீட்டு அயர்ன் பாக்ஸே போதும், அடியில பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிக்கோங்க. கம்மி சூட்டுல ஓரத்த மட்டும் ஒட்டிட்டு, அப்புறம் சூட்ட ஏத்தி மேல கொஞ்சம் கீழ கொஞ்சம்னு மாத்தி மாத்தி சுருக்குங்க, ஒரே பக்கத்த இழுத்து முடிச்சா அவ்ளோ பாடுபட்டு நேரா கட்டுன ரெக்கை முறுக்கிக்கும். முறுக்கிட்டாலும் பயப்பட வேணாம், எதிர்ப்பக்கமா கையால முறுக்கிப் புடிச்சுக்கிட்டே மறுபடி சூடு காட்டி ஆற விட்டா திரும்பிடும். ஏற்காட்டுல இருக்கறவங்க கவர் பண்ணாத ரெக்கைய மழைக்காலத்துல பாலிதீன்ல சுத்தி வைங்க, பல்சா ஈரம் குடிக்கும். கீழ சேலத்து சித்திரை வெயில்ல காருக்குள்ள விட்டா ஃபிலிம் தொளதொளன்னு ஆகும், பிளேனுக்கு போடற லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிய விட்டா ஆபத்தே வரும்.

மோட்டார், அதோட வேகத்த கட்டுப்படுத்தற ஈஎஸ்சி, ரட்டரையும் எலிவேட்டரையும் அசைக்கற 9 கிராம் சர்வோ ரெண்டு, ரிமோட் சிக்னல வாங்கற ரிசீவர் மாட்டி டெஸ்ட் பண்றப்ப ப்ரொப்பல்லர கழட்டி வெச்சுடுங்க, இதுல சலுகையே கெடையாது. ரிமோட் குச்சிய உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேல தூக்கணும், வலது தள்ளுனா ரட்டர் பின்விளிம்பு வலது போகணும்.

பிளேன் எடை சமமா நிக்கற புள்ளிய சிஜின்னு பிளான்லயே குறிச்சிருப்பாங்க, இல்லன்னா ரெக்கை அகலத்துல முன்னாடிலேந்து 25லேந்து 30 சதவீதம், 20 சென்டிமீட்டர் அகலம்னா 5லேந்து 6 சென்டிமீட்டர். அங்க ரெண்டு விரல வெச்சு தூக்குனா மூக்கு மட்டமாவோ துளி கீழயோ நிக்கணும், வால் தொங்குனா பறக்க விடாதீங்க. மொதல்ல பேட்டரிய முன்ன தள்ளிப் பாருங்க, பத்தலைன்னா டயர் கடையில வீல் பேலன்ஸுக்கு ஒட்டற வெயிட் வாங்கி மூக்குல ஒட்டுங்க.

மொத பறத்தலுக்கு ஏற்காடு வேணாம். காத்து சரிவுல ஏறி எறங்கும், சில்வர் ஓக் மரம் எல்லா பக்கமும் நிக்கும், 1500 மீட்டர் ஒயரத்துல காத்தும் லேசு. கீழ தண்ணி வத்துன ஏரி, காலி மைதானம்னு பாத்து காலையில ஏழு மணிக்குள்ள போங்க, உயரழுத்த கம்பி போகற பக்கம் வேணாம். கமலாபுரத்துல இருக்கற சேலம் ஏர்போர்ட் எல்லைலேந்து 8 கிலோமீட்டருக்குள்ள அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாது, 8லேந்து 12 வரைக்கும் அனுமதி இல்லாம 200 அடி ஒயரம்தான், அதனால ஓமலூர்க்காரங்க மொதல்ல எங்க பறக்க விடலாம்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாத்துடுங்க.

ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர பக்கத்துல நிறுத்திக்கோங்க, பிளேன் உங்கள நோக்கி வர்றப்ப இடது வலது மாறித் தெரியும், அங்கதான் புதுசா வர்றவங்க கை கொழம்பும், அப்ப ரிமோட்ட அவர்கிட்ட குடுத்துடுங்க. எறக்குனதும் ஃபயர்வால் ஜாயிண்ட்ல விரிசல் இருக்கான்னு நகத்தால சுரண்டிப் பாத்துட்டு, பேட்டரி ஆறுன பிறகு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு கொண்டாந்து வைங்க.