டெபியன் பொதி கட்டுகையில் நிறுவல் வரிசையில் நேரும் தவறுகள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனுக்கும், நம் தென்னாப்பிரிக்க நாட்டவரான மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கிய உபுண்டுவுக்கும் பொதி (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) கட்டுவோர் பெரும்பாலும் டெப்ஹெல்ப்பர் என்னும் கருவித்தொகுதியையே நம்பியிருக்கிறார்கள். அதிலுள்ள ‘டிஎச்’ கட்டளை, நிரலைத் தொகுப்பது முதல் பொதியான டெப் கோப்பை உருவாக்குவது வரை பல சிறு கட்டளைகளை ஒரு நிலையான வரிசையில் இயக்குகிறது. நாம் எழுதிச் சேர்க்கும் கட்டளை அந்த வரிசையின் நடுவில்தான் போய் அமரும் என்பதால், அதற்குப் பின் எது ஓடுகிறது என்று பாராமல் எழுதுவதே பல பிழைகளுக்கு வேராகிறது. ‘டிஎச் பைனரி --நோ-ஆக்ட்’ என்று இயக்கினால், எதையும் கட்டாமலே முழு வரிசையையும் பார்த்துக்கொள்ளலாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பின் கணினிகளுக்காக, பாடக்கோப்புகளும் பின்னணியில் ஓடும் ஒரு சேவையும் அடங்கிய பொதியைக் கட்டுவதாகக் கொள்வோம். தொகுக்கும் கட்டத்திலேயே பாடக்கோப்புகளை, பொதிக்கான கோப்புகள் தற்காலிகமாகச் சேரும் டெபியன்/டிஎம்பி கோப்புறையில் இட்டுவிடுவது முதல் தவறு. கோப்புகளை அங்கே இடும் நிறுவல் படிக்குச் சற்று முன் ஓடும் டிஎச்_பிரெப் அக்கோப்புறையைத் துடைத்துவிடும். நிறுவல் படிக்கு ‘ஓவர்ரைடு’ இலக்கு (மூலக் கட்டளைக்குப் பதிலாக ஓடுவது) எழுதிவிட்டு, அதற்குள் மூலக் கட்டளையை அழைக்க மறப்பதும் இதே இனம்தான். கூடுதலாக ஒரு வேலைதான் வேண்டுமென்றால், டெப்ஹெல்ப்பரின் இணக்க நிலை (எந்தப் பதிப்பின் நடத்தை வேண்டும் என்று பொதி குறிக்கும் எண்) 10 முதல் கிடைக்கும், மூலக் கட்டளைக்குப் பின் ஓடும் ‘எக்ஸிக்யூட்_ஆஃப்டர்’ இலக்கு போதும்.

அனுமதிகளில் நேரும் தவறு ஓசையின்றி நடப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். பொதிக்குள் ரகசியச் சொல்லை வைப்பதே நல்ல வழக்கமன்று. ஆயினும் உள்ளகப் பொதிகளில் அது நடக்கத்தான் செய்கிறது. அத்தகைய அமைவுக் கோப்புக்கு நிறுவல் படியில் 0640 (பிறர் படிக்க முடியாதது) என்று அனுமதி கொடுத்தால், பின்னால் வரும் டிஎச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ் அதை எல்லோரும் படிக்கத்தக்க 0644 ஆக்கிவிடும். நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவிடும் செட்யூஐடி பிட்டையும் அதுவே நீக்கிவிடும். எனவே அனுமதி மாற்றங்களை அந்தக் கட்டளைக்குப் பிறகே செய்ய வேண்டும். ஆனால் கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடும் டிஎச்_எம்டி5சம்ஸ் ஓடிய பின் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடலாகாது. தொட்டால் சரிபார்ப்புத் தொகை பொருந்தாது.

ஒரே பொதியாக இருந்ததை நிரல், பாடங்கள் என்று இரண்டாகப் பிரிக்கும்போது, கோப்புகள் நேரே பொதிக் கோப்புறைக்குச் செல்லாமல் டெபியன்/டிஎம்பிக்குச் செல்லும். அங்கிருந்து அவற்றைப் பங்கிட ‘.இன்ஸ்டால்’ கோப்புகள் இல்லையென்றால் பொதிகள் வெறுமையாகவே உருவாகும். இணக்க நிலை 13இல் டிஎச்_மிஸ்ஸிங் இதைக் கண்டு கட்டுவதையே நிறுத்திவிடும் என்பது பெரிய உதவி. அந்தப் பிழைச்செய்தியை அடக்கிவைக்க வழி தேடுவோரும் உண்டு. அது வேண்டாத வேலை.

பொதி ஒரு கணினியில் நிறுவப்படும்போது ஓடும் போஸ்டின்ஸ்ட் நிரலுக்குள் இன்னொரு வரிசை உண்டு. ‘#டெப்ஹெல்ப்பர்#’ என்ற குறி நிற்கும் இடத்தில்தான் சேவையைத் தொடங்கும் துணுக்கு செருகப்படுகிறது. சேவைக்கான பயனரை (கணினிக் கணக்கை) அக்குறிக்குக் கீழே உருவாக்கினால், இல்லாத பயனரின் பெயரில் சேவை தொடங்க முயன்று 217/யூசர் என்ற பிழையோடு நின்றுவிடும். அந்தத் துணுக்கு தோல்வியைப் பொருட்படுத்தாதபடி எழுதப்பட்டிருப்பதால், நிறுவல் வெற்றி பெற்றதாகவே திரை சொல்லும். கட்டியவரின் கணினியில் முந்தைய நிறுவலின் பயனர் ஏற்கெனவே இருப்பார் என்பதால் அங்கே குறை தெரியாது. புதிதாக அமைத்த கணினியில் சோதிப்பவருக்கே அது அகப்படும்.

லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டால் நடுவில் மின்சாரம் போய்க் கட்டும் பணி அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரத் தோன்றும். தொகுப்பு முடிந்ததைக் குறிக்கும் முத்திரைக் கோப்பு டெபியன் கோப்புறையில் எஞ்சியிருந்தால், இடையில் மூல நிரலைத் திருத்தியிருந்தாலும் ‘டிஎச்’ மறுபடி தொகுக்காமல் பழைய நிரலையே பொதிந்துவிடும். அப்போது முதலில் பழைய எச்சங்களை அழிக்கும் ‘கிளீன்’ இலக்கை இயக்கிவிட்டு, தொடக்கத்திலிருந்தே கட்ட வேண்டும்.