ஒட்டிய அனிமோனை எடுக்க ஒரு ஐஸ் துண்டு

உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் அனிமோனை (பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடல் உயிரி) இடம் மாற்ற நகத்தால் நெம்பாதீர்கள், ஒரு ஐஸ் துண்டை ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடி, அது ஒட்டியிருக்கும் பாறையில், பாதத்தை (பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதி) ஒட்டினாற்போலப் பிடியுங்கள். குளிர் பிடிக்காமல் பாதம் ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கித் தானாகக் கழன்றுவிடும். இழுத்தால் கிழியும், கிழிந்தது அழுகினால் தொட்டித் தண்ணீரே கெட்டுப்போகும். கவர் கட்டாயம், உருகுவது நம்ம தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், குளோரின் வேறு இருக்கும். கையுறை போடுங்கள். அப்புறம், புது இடம் பிடிக்காமல் ஊர்ந்துபோய் வேவ்மேக்கரில் (தொட்டியில் அலை கிளப்பும் மோட்டார்) மாட்டினால் அவ்வளவுதான், அதற்கு முன்பே மோட்டாருக்கு வலை மாட்டிவிடுங்கள். பாறை இடுக்கில் பாதம் ஆழமாகப் போயிருந்தால் இது பலிக்காது, பாறையோடு தூக்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறி, வாய் பிளந்து துவண்டு கிடக்கும் அனிமோனைத் தொடவே வேண்டாம்.